கல்வி ஆலோசகர்களுக்குப் பயிலரங்கு நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் பாடத்தேர்வு முதல் பட்டம் முடிப்பது வரை மாணவருக்கு வழிகாட்டும் கல்வி ஆலோசகரின் வேலை மூடிய அறையில், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடக்கிறது. 20 நிமிடச் சந்திப்பில் அவசரமாகச் சொன்ன ஒரு பதில் மாணவரின் பட்டத்தை ஓராண்டு தள்ளிப்போட்டுவிடும். பொறுமையாகக் கேட்ட ஒரு கேள்வி, கல்லூரியை விட்டே போக இருந்தவரை நிறுத்திவைக்கும். ஆலோசகர்களுக்கென்று பயிலரங்கு நடத்தினால், மாற வேண்டியது அந்த 20 நிமிடம்தான்.

நான் நடத்திய முதல் சில பயிலரங்குகளில் அது மாறவில்லை. நல்ல பேச்சாளர்கள் வந்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், அடுத்த வாரம் அதே அறையில் அதே பதில்கள். எங்கே பிழைத்தோம் என்று தேடிப் பார்த்தபோது பயிலரங்கு நாளில் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. அதற்கு முந்தைய ஆறு வாரங்களில் செய்ய வேண்டியதையும் பிந்தைய மூன்று வாரங்களில் செய்ய வேண்டியதையும் நாங்கள் செய்யாமல் விட்டிருந்தோம்.

முதல் முறையாக இந்தப் பொறுப்பை ஏற்பவருக்காக இதை எழுதுகிறேன். 12 முதல் 18 பேர் கொண்ட குழு, மூன்று மணி நேரம் வீதம் இரண்டு அரைநாள் அமர்வுகள் என்பது என் கணக்கு. படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் எங்கே இடிக்கும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தலைப்புக்கு முன் தேவையைக் கண்டுபிடியுங்கள்

பயிலரங்கு என்றதும் எல்லோரும் முதலில் தலைப்பையும் பேச்சாளரையும் தேடுகிறார்கள். அது பின்னால் வர வேண்டியது. முதல் இரண்டு வாரங்களைத் தேவையைத் தேடுவதற்கே ஒதுக்குங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, பதிவாளர் அலுவலகம். கடந்த இரண்டு பருவங்களில் கடைசி நாளுக்குப் பிறகு வந்த பாடமாற்ற விண்ணப்பங்கள், முன்தேவைப் பாடம் (ஒரு பாடத்தைப் படிக்கும் முன் முடித்திருக்க வேண்டிய பாடம்) முடிக்காமல் பதிவு செய்யப்பட்டவை, இறுதிப் பருவத்தில் ‘ஒரு பாடம் குறைகிறது’ என்று தெரியவந்த மாணவர்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கையும் வகையும் போதும். இரண்டாவது, ஆலோசனை அலுவலகத்தின் முன்மேசையில் இருப்பவர். ‘மாணவர்கள் எந்தக் கேள்வியோடு இரண்டாம் முறை திரும்பி வருகிறார்கள்?’ என்று அவரிடம் கேளுங்கள். முதல் பதில் புரியாதபோதுதான் மாணவர் திரும்பி வருகிறார். ஆகவே இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பல பக்கக் கருத்துக்கணிப்பைவிட மேலாக மதிக்கிறேன். மூன்றாவது, உண்மையான சந்திப்புகள். ஆலோசகர், மாணவர் இருவரின் சம்மதத்தோடும் மூன்று நான்கு சந்திப்புகளில் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள்.

புதியவர்கள் இங்கே தடுமாறுவது, ‘உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?’ என்று ஆலோசகர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதால். தாங்கள் தவறாகச் சொல்வது எது என்று அவர்களுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் திருத்தியிருப்பார்கள். அவர்களிடம் கேட்பது அவசியம்தான், ஆனால் மற்ற மூன்றையும் பார்த்த பிறகு கேளுங்கள்.

2. அனுமதியோடு மூன்று உறுதிகளையும் வாங்குங்கள்

முதல்வரோ துறைத்தலைவரோ ‘தாராளமாக நடத்துங்கள்’ என்று சொல்வது போதாது. எழுத்தில் மூன்று உறுதிகள் வேண்டும்.

பயிலரங்கு நேரத்தில் பங்கேற்பாளர்களுக்கு வகுப்போ மாணவர் சந்திப்போ இருக்காது. பயிலரங்கில் யார் எப்படிச் செய்தார் என்ற தகவல் பணி மதிப்பீட்டுக்குப் போகாது. மூன்று வாரம் கழித்து நடக்கும் பின்தொடர் சந்திப்புக்கும் நேரம் தரப்படும்.

இவற்றில் இரண்டாவது உறுதிக்காக எவ்வளவு வாதாட வேண்டியிருந்தாலும் வாதாடுங்கள். தவறு செய்து பார்க்கும் பயிற்சி இது. மேலதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தால் யாரும் தவறு செய்யத் துணிய மாட்டார்கள். எல்லோரும் தமக்கு ஏற்கெனவே நன்றாக வருவதைச் செய்துகாட்டிவிட்டுப் போவார்கள். தொடங்கிவைக்க அவர் வரலாம், ஐந்து நிமிடத்தில் விடைபெற வேண்டும்.

3. இலக்கை ஒரு செயலாக எழுதுங்கள்

‘ஆலோசனைத் திறனை மேம்படுத்துதல்’ என்பதை இலக்காக எழுதினால் எதை வேண்டுமானாலும் நடத்தலாம், எதுவும் நடக்காமலும் போகலாம். ‘பாடத்தை நீக்க வரும் மாணவரிடம் படிவம் கொடுக்கும் முன், காரணம் அறியும் ஒரு கேள்வியையாவது ஆலோசகர் கேட்பார்’ என்று எழுதிப் பாருங்கள். என்ன பயிற்சி வேண்டும், எப்படி அளப்பது என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

இலக்குகளை வகைப்படுத்த, கல்வி ஆலோசகர்களுக்கான நகாடா அமைப்பு 2017-இல் வெளியிட்ட திறன் வரைவு உதவும். அது ஆலோசகரின் திறன்களைக் கருத்து, தகவல், உறவு என மூன்றாகப் பிரிக்கிறது. ஆலோசனை எதற்காக என்ற புரிதல் கருத்து. விதிகள், பாடத்திட்டம், வளாகத்திலுள்ள உதவிகள் ஆகியவை தகவல். கேட்பது, நம்பிக்கை பெறுவது, உரையாடலை நடத்துவது உறவு.

இந்தப் பிரிவு வெறும் பட்டியல் வசதிக்காகச் சொல்லப்படுவதில்லை. ஒவ்வொன்றையும் கற்பிக்கும் முறை வேறு. தகவலைக் கையேடாகத் தரலாம், கணக்குப் போட வைத்துப் பழக்கலாம். கருத்தை விவாதத்தில் வளர்க்கலாம். உறவுத் திறனைச் செய்து பார்த்தால் மட்டுமே கற்க முடியும். ‘செவிகொடுத்துக் கேட்பது எப்படி’ என்று 40 ஸ்லைடுகள் காட்டுவது, நீச்சலைக் கரையில் நின்று விளக்குவது போன்றது. நான் பார்த்த பயிலரங்குகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான்.

இரண்டு அரைநாளுக்கு மூன்று இலக்குகள் போதும். நான்காவதைச் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால் அடுத்த பயிலரங்குக்கு எடுத்து வையுங்கள்.

4. நாளும் ஆட்களும்

பாடப்பதிவு தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு முதல் அமர்வை வையுங்கள். பதிவு வாரத்துக்கு மிக அருகில் வைத்தால் யாரும் வர முடியாது. மிக முன்னால் வைத்தால் கற்றதைப் பயன்படுத்தும் முன்பே மறந்துவிடும். இரண்டாம் அமர்வை முதலாவதிலிருந்து ஒரு வாரம் தள்ளி வையுங்கள். இடைப்பட்ட வாரத்தில் ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பங்கேற்பாளர் எண்ணிக்கை மூன்றால் வகுபட வேண்டும். முக்கியப் பயிற்சி மூவர் குழுவில் நடக்கிறது. 18 பேருக்கு மேல் போனால் ஆறு குழுக்களுக்கு மேல் ஆகும், ஒருவரால் சுற்றிவந்து கவனிக்க முடியாது.

முழுநேர ஆலோசகர்களும், பாடம் நடத்திக்கொண்டே ஆலோசனையும் செய்யும் பேராசிரியர்களும் கலந்திருந்தால், ஒவ்வொரு மூவர் குழுவிலும் இருவகையினரும் இருக்கும்படி பிரியுங்கள். முன்னவருக்கு விதிகள் அத்துபடி, பின்னவருக்குத் துறையின் உள்விவரம் தெரியும். ஒரே துறையின் மூத்தவரையும் அவருக்குக் கீழே பணிபுரிபவரையும் மட்டும் ஒரே குழுவில் போடாதீர்கள். இளையவர் வாய் திறக்க மாட்டார்.

5. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

நடப்பு ஆண்டின் விதிமுறைத் தொகுப்பும் கல்வி நாட்காட்டியும் வேண்டும். சென்ற ஆண்டின் பிரதியை எடுத்து வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பட்டத்துக்கு எந்தெந்தப் பாடம் முடிந்தது, எது மீதி என்று காட்டும் மாதிரி அறிக்கைகள், கற்பனை மாணவர்களுக்காகத் தயாரித்தவை, ஒரு குழுவுக்கு ஒன்று. பதிவு மென்பொருளில் பழகிப் பார்ப்பதற்கான பயிற்சிக் கணக்குகளை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, நீங்களே உள்நுழைந்து சோதியுங்கள். உண்மையான மாணவர் பதிவேட்டைத் திரையில் காட்டிப் பயிற்சி நடத்தவே கூடாது. அது அந்த மாணவரின் தனியுரிமையை மீறுவது.

கடைசியாக, உதவி மையங்களின் பட்டியல்: உளவள ஆலோசனை, நிதியுதவி, மாற்றுத்திறனாளி மாணவர் சேவை, விடுதிப் பொறுப்பாளர், நெருக்கடி எண். பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் நீங்களே அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்ணும் மாறிப்போன பொறுப்பாளரும் நிச்சயம் இருக்கும். ஆலோசகர் நம்பிக் கொடுத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த மாணவர் இரண்டாவது முறை உதவி கேட்க மாட்டார்.

6. பயிற்சிக் கதைகளை எழுதுதல்

தயாரிப்பு நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். பயிலரங்கின் தரம் பயிற்சிக் கதைகளின் தரத்தைத் தாண்டாது.

ஒவ்வொரு கதைக்கும் இரண்டு அட்டைகள் எழுதுங்கள். ஆலோசகர் அட்டையில் பதிவேட்டில் தெரிவது மட்டும் இருக்கும். மாணவர் அட்டையில் பதிவேட்டில் தெரியாதது இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆலோசகர் அட்டை: ‘இரண்டாம் ஆண்டு மாணவர். இந்தப் பருவத்தில் 16 கிரெடிட் பதிவு. முதலாண்டில் நல்ல மதிப்பெண். ஒரு பாடத்தை நீக்க வேண்டும் என்று வந்திருக்கிறார்.’ மாணவர் அட்டை: ‘வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை. நீங்கள் இரவு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். அதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம். குறைந்தபட்ச கிரெடிட்டுக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுபோகும் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆலோசகர் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால் மட்டும் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். ஏன் நீக்குகிறாய் என்று கேட்டால், பாடம் கடினமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.’

அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் கதையின் உயிர். எந்தக் கேள்வி கதவைத் திறக்கிறது, எது மூடுகிறது என்பதை ஆலோசகர் தானே அனுபவித்து அறிகிறார். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி பல மாணவர்களின் காதில் விசாரணையாக விழுகிறது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கதை எழுதும்போது உண்மை மாணவரின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். சிறிய கல்லூரியில் துறை, ஆண்டு, குடும்பச் சூழல் மூன்றும் சேர்ந்தாலே யார் என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று நிகழ்வுகளைக் கலந்து, துறையையும் பாடத்தையும் மாற்றி எழுதுங்கள். எழுதியதை வேறொரு ஆலோசகரிடம் காட்டி, ‘இது யார் என்று தோன்றுகிறதா?’ என்று கேளுங்கள். தயங்கினால்கூட அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: எல்லாக் கதையும் சோகக் கதையாக இருக்கக் கூடாது. நன்றாகப் படிக்கும் மாணவர் துறை மாற விரும்புவது, எதிலும் ஆர்வம் இல்லாதவர் ‘நீங்களே ஏதாவது பாடம் சொல்லுங்கள்’ என்பது போன்றவையும் அன்றாடம் வருபவை. இவற்றில்தான் அனுபவசாலிகள் அலட்சியமாகத் தவறு செய்கிறார்கள்.

7. அமர்வுகளின் வரிசை

முதல் அரைநாள்: அறிமுகம் 10 நிமிடம், தனியே ஒரு கதைக்குத் தீர்வு எழுதுதல் 30, விதியும் கணக்கும் 60, இடைவேளை 15, குறிப்பு எழுதுதல் 45, இடைவார வேலை 20.

இரண்டாம் அரைநாள்: இடைவார அனுபவம் 20, மூவர் பயிற்சி 75, இடைவேளை 15, உதவி மையங்களுக்கு அனுப்பிவைத்தலும் நெருக்கடியும் 50, முடிவு 20.

விதிகளை விளக்கிவிட்டுத்தான் கதையைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். நான் வேண்டுமென்றே மாற்றி வைக்கிறேன். முதலில் கதை, பிறகு விதி. ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்று வருபவர் 30 நிமிடம் எழுதிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் வேறு பதில் எழுதியிருப்பதைக் கண்ட பிறகு, விதியை விளக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். ஒரே கல்லூரியில், ஒரே மாணவருக்கு, ஐந்து ஆலோசகர்கள் ஐந்து பதில் தருவதைப் பார்ப்பது சங்கடமானது. அந்தச் சங்கடம் அவசியம்.

தகவல் முதல் நாளிலும் உரையாடல் இரண்டாம் நாளிலும் வருவதற்கும் காரணம் உண்டு. விதி சரியாகத் தெரியாதவர் உரையாடல் பயிற்சியில் மாணவரைக் கவனிக்க மாட்டார். மனத்துக்குள் விதியைத் தேடிக்கொண்டிருப்பார்.

8. விதியும் கணக்கும்

60 நிமிடத்தில் விதிமுறைத் தொகுப்பை வாசித்துக்காட்ட வேண்டாம். ஆலோசகர்கள் அதிகம் சறுக்கும் இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கையால் கணக்குப் போட வையுங்கள்.

முதலாவது, தர சராசரி. ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளியை அந்தப் பாடத்தின் எடையான கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவது இது. 10 புள்ளி அளவில் 60 கிரெடிட் முடித்த மாணவரின் சராசரி 5.2. அது 6.0 ஆக வேண்டும். அடுத்த பருவத்தில் 20 கிரெடிட் படிக்கிறார். எவ்வளவு எடுக்க வேண்டும்? தேவையான மொத்தப் புள்ளி 80 x 6 = 480. கையில் இருப்பது 60 x 5.2 = 312. மீதி 168. அதை 20 ஆல் வகுத்தால் 8.4. இதுவரை 5.2 எடுத்தவரிடம் ‘அடுத்த பருவம் கொஞ்சம் முயன்றால் சரியாகிவிடும்’ என்று சொல்வது எவ்வளவு பொறுப்பற்ற ஆறுதல் என்பது இந்தக் கணக்கைப் போட்டவுடன் புரியும். இரண்டு பருவங்கள், அதாவது 40 கிரெடிட் எடுத்துக்கொண்டால் தேவை 7.2. மூன்று பருவங்களில் 6.8. இப்போது மாணவரோடு பேச ஓர் உண்மையான திட்டம் இருக்கிறது.

அடுத்து உங்கள் கல்லூரியில் திரும்ப எழுதிய பாடத்தின் பழைய மதிப்பு நீக்கப்படுகிறதா, இரண்டும் கணக்கில் வருகின்றனவா என்று கேளுங்கள். அந்த 60 கிரெடிட்டில் பூஜ்யம் பெற்ற 4 கிரெடிட் பாடம் ஒன்று இருந்து, அதைத் திரும்ப எழுதி 7 பெற்று, பழையது நீக்கப்பட்டால் 312 என்பது 340 ஆகிறது. சராசரி ஏறத்தாழ 5.67. ஒரு விதி தெரிந்திருப்பதும் தெரியாமல் இருப்பதும் மாணவருக்கு எவ்வளவு தூரம் என்பதை எண்ணில் பார்க்கட்டும்.

இரண்டாவது, முன்தேவைச் சங்கிலி. கணிதம் 1, கணிதம் 2, புள்ளியியல், இறுதித் திட்டப்பணி என்று நான்கு கண்ணிகளைப் பலகையில் வரையுங்கள். ஒவ்வொரு பாடமும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்படுகிறது என்று சேருங்கள். முதல் பருவத்தில் கணிதம் 1 ஐ நீக்கினால் பட்டம் எப்போது முடியும் என்று கேளுங்கள். ‘ஒரு பருவம் தள்ளும்’ என்று பலர் சொல்வார்கள். அடுத்து அந்தப் பாடம் வருவதே ஓராண்டு கழித்துத்தான். பின்னாலுள்ள மூன்றும் அதோடு சேர்ந்து நகரும். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடத்தப்படுகிறது என்ற அட்டவணையைப் பார்க்காமல் பாடநீக்கத்துக்குச் சம்மதிக்கக் கூடாது என்ற பழக்கம் இங்கே பிறக்க வேண்டும்.

9. குறிப்பு எழுதுதல்

சந்திப்புக் குறிப்பு அடுத்த ஆலோசகருக்காக எழுதப்படுகிறது. ஒருநாள் மாணவரே அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் கூடும். இந்த இரண்டு வாசகர்களையும் நினைவில் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

‘சோம்பேறி, ஈடுபாடு இல்லை’ என்ற குறிப்பைக் கொடுத்துத் திருத்தி எழுத வையுங்கள். ‘மூன்று சந்திப்புகளில் இரண்டுக்கு வரவில்லை. காலையில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். மாலை நேரச் சந்திப்பு தரப்பட்டது’ என்று வந்தால் சரி. கண்டது, கேட்டது, முடிவு செய்தது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும், தீர்ப்பு இருக்கக் கூடாது. உடல்நலம், குடும்பம் பற்றிய விவரங்களில் ஆலோசனைக்கு எது தேவையோ அது மட்டும்.

முடிவில் இடைவார வேலையைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தம் அடுத்த ஐந்து சந்திப்புகளில் தாம் கேட்ட முதல் கேள்வியைச் சந்திப்பு முடிந்ததும் சொல் மாறாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். வேறெதுவும் வேண்டாம். சிறிய வேலை என்பதால் செய்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் அவற்றை வரிசையாக வாசிக்கும்போது, பெரும்பாலானவை ‘என்ன பாடம் வேண்டும்?’, ‘படிவம் கொண்டுவந்தீர்களா?’ என்ற வகையைச் சேர்ந்தவை என்று அவர்களே கண்டுகொள்கிறார்கள்.

10. மூவர் பயிற்சி

ஒருவர் மாணவர், ஒருவர் ஆலோசகர், ஒருவர் கவனிப்பவர். ஒரு சுற்றுக்கு 15 நிமிடம்: அட்டை படிக்க 2, உரையாட 8, கருத்துச் சொல்ல 5. மூன்று சுற்றில் எல்லோரும் எல்லா இடத்திலும் இருந்துவிடுவார்கள்.

சுற்றுகள் தொடங்கும் முன், எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் ஆலோசகராக உட்கார்ந்து ஒரு கதையைச் செய்துகாட்டுங்கள். குறையில்லாமல் செய்ய முயல வேண்டாம். ஓரிடத்தில் நின்று, ‘இந்தக் கேள்வி சரியில்லை, மாற்றிக் கேட்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். நடத்துபவரே நின்று திருத்திக்கொள்வதைப் பார்த்தால்தான் அறையில் இருப்பவர்களின் பயம் விலகும். செய்துகாட்டலுக்கு 15 நிமிடம், கடைசியில் பொதுப் பேச்சுக்கு 15 நிமிடம்.

கவனிப்பவரின் கையில் நான்கு வரிகள் கொண்ட தாள் இருக்கட்டும். ஆலோசகரின் முதல் கேள்வி, சொல் மாறாமல். யார் எவ்வளவு பேசினார் என்று தோராயமான கோடுகள். கேள்வி கேட்டபின் ஆலோசகர் எவ்வளவு நேரம் காத்திருந்தார். மாணவர் எழுந்து போகும்போது அவர் கையில் இருந்த அடுத்த வேலை என்ன, எந்தத் தேதிக்குள்.

மூன்றாவது வரிக்கு ஓர் அடிப்படை உண்டு. வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் மாணவர்களின் பதில் நீளுகிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். ஆலோசகர் அறையிலும் இதையே காண்கிறேன். மூன்று நொடி மௌனம் கேள்வி கேட்டவருக்கு மிக நீளமாகத் தோன்றும். பழகியவர்கள் மனத்துக்குள் எண்ணிக்கொள்கிறார்கள்.

கருத்துச் சொல்லும் வரிசையும் முக்கியம். முதலில் ஆலோசகராக இருந்தவர், பிறகு மாணவராக இருந்தவர், கடைசியில் கவனித்தவர். தன் குறையைத் தானே முதலில் சொல்லிவிட்டவர் தற்காப்பில் இறங்க மாட்டார். மாணவராக இருந்தவர், ‘நீங்கள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை’ என்று சொல்லும் ஒரு வரி எந்தப் பேச்சாளரின் உரையையும்விட ஆழமாக இறங்கும். கவனித்தவர் தாளில் உள்ளதை மட்டும் வாசிக்க வேண்டும். ‘நன்றாக இருந்தது’ என்ற பாராட்டுக்கும் ‘நானாக இருந்தால் இப்படிச் செய்திருப்பேன்’ என்ற அறிவுரைக்கும் இடமில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சிலர் மாணவர் பாத்திரத்தை மிகைப்படுத்தி நடித்துச் சிரிப்பு மூட்டுவார்கள். கூச்சத்தால் வருவது அது. கண்டிக்க வேண்டாம். அருகே போய், ‘அட்டையில் உள்ளதை உங்கள் சொந்தக் குரலிலேயே சொல்லுங்கள்’ என்று மெல்லச் சொன்னால் போதும். நடிக்கவே விரும்பாதவரை முதல் சுற்றில் கவனிப்பவராக வையுங்கள். இரண்டாம் சுற்றில் பெரும்பாலும் அவராகவே முன்வருவார்.

11. அனுப்பிவைத்தலும் நெருக்கடியும்

ஆலோசகர் உளவள நிபுணர் அல்லர். ஆனால் நெருக்கடியிலுள்ள மாணவர் முதலில் வந்து உட்காருவது பல நேரம் அவர் எதிரில்தான். எது தன் வேலை, எங்கே அடுத்தவரை அழைக்க வேண்டும் என்ற எல்லை இங்கே தெளிவாக வேண்டும்.

எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவதற்கும் சேர்த்துவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. மாணவர் சம்மதித்தால் அவர் எதிரிலேயே அந்த மையத்தை அழைத்து, நேரம் வாங்கிக்கொடுத்து, முடிந்தால் வாசல் வரை உடன் போவது சேர்த்துவிடுவது. இதை வாய்விட்டுப் பழக வையுங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, தொலைபேசியில் என்ன சொல்வது என்று பேசிப் பார்க்கட்டும்.

தற்கொலை பற்றிய பகுதிக்கு உளவள நிபுணர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆலோசகர்கள் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. அமைதியான குரலில், சுற்றிவளைக்காமல் கேட்கலாம். ஆம் என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடக் கூடாது, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, கல்லூரியின் நெருக்கடி நடைமுறைப்படி உடனே உதவியை அழைக்க வேண்டும். யாரை அழைப்பது, அலுவலக நேரத்துக்குப் பின் யாரை அழைப்பது என்பது ஒவ்வொருவர் மேசையிலும் ஒட்டப்படும் ஒரே தாளில் இருக்கட்டும்.

பங்கேற்பாளர்களிலேயே யாருக்காவது இந்தப் பகுதி சொந்த வலியைக் கிளறலாம். தொடங்கும் முன்பே, எழுந்து வெளியே போகலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள்.

12. கடைசி 20 நிமிடம்

பின்னூட்டப் படிவத்தை நிரப்புவதிலேயே இந்த நேரம் கரைந்துவிடுகிறது. அதை மறுநாள் அனுப்பிக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் இரண்டு வரி எழுத வேண்டும்: அடுத்த மூன்று வாரத்தில் என் சந்திப்புகளில் மாற்றப்போகும் ஒன்று, அதை நினைவூட்டப்போகும் சக ஆலோசகரின் பெயர். ‘இன்னும் நன்றாகக் கேட்பேன்’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ‘முதல் கேள்வி கேட்டு முடிக்கும்வரை கணினித் திரையைப் பார்க்க மாட்டேன்’ என்பது போல இருக்க வேண்டும்.

13. மூன்றாம் வாரமும் அதற்குப் பின்னும்

மூன்று வாரம் கழித்து 45 நிமிடம் மீண்டும் கூடுங்கள். அட்டையில் எழுதியதில் எது நடந்தது, எது தடுத்தது என்று மட்டும் பேசுங்கள். தடைகளில் பாதி ஆலோசகரின் கையில் இருக்காது. ஒரு மாணவருக்கு 10 நிமிடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அறைக்குக் கதவு இல்லை, மென்பொருள் பாட அட்டவணையைக் காட்டுவதில்லை என்பது போன்றவை. இவற்றைத் தொகுத்து நிர்வாகத்திடம் கொண்டுபோவது பயிலரங்கை நடத்தியவரின் கடமை. பயிற்சியால் தீராத சிக்கலுக்குப் பயிற்சியையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஆலோசகர்கள் மனம் வெறுத்துப்போவார்கள்.

பலன் தெரிய, முதல் படியில் பார்த்த அதே இடங்களுக்குப் பதிவு முடிந்ததும் திரும்பிப் போங்கள். காலம் கடந்த பாடமாற்ற விண்ணப்பங்கள், முன்தேவைப் பிழைகள், முன்மேசையில் இரண்டாம் முறை வரும் கேள்விகள். ‘பயிலரங்கு பிடித்திருந்ததா?’ என்ற கேள்விக்கு வரும் மதிப்பெண்ணை இதற்கு ஈடாக வைக்காதீர்கள். பிடித்திருந்தும் எதுவும் மாறாமல் போகலாம். எண்ணிக்கை குறைந்திருந்தால்கூட முழுக்காரணம் பயிலரங்கு என்று எழுதிவிட வேண்டாம். அந்தப் பருவத்தில் விதியோ மென்பொருளோ மாறியிருக்கலாம். மாறியவற்றையும் சேர்த்தே அறிக்கையில் எழுதுங்கள்.

பயிற்சிக் கதைகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும், பங்கேற்பாளர்கள் எங்கே திணறினார்கள், எந்தக் கேள்வி மாணவரைப் பேச வைத்தது என்று அன்றைக்கே குறித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால் அது நினைவில் இருக்காது. அடுத்து புதிதாகச் சேரும் ஆலோசகருக்கு முதல் நாள் கொடுக்க வேண்டியது அந்தக் கோப்புதான்.